கரண்டி எடுத்து வச்சாச்சா?

தெருவில் எல்லோருக்கும் அவர் ஐஸ்காரர். புதிதாகக் குடிவரும் வீட்டுப் பிள்ளைகள் இந்தப் பெயரை நம்பி அவர் பின்னாலேயே கொஞ்ச தூரம் வருவார்கள். கையில் சாப்பாட்டுப் பையைத் தவிர ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பிப் போவார்கள். பாவம், அவர்கள் மேல் தப்பில்லை. ஊருக்கு வெளியே லாரிகள் வந்து திரும்புகிற சாலையில் ஒரு பெரிய குளிர்கிடங்கு இருக்கிறது. அவருக்கு அங்கேதான் வேலை. இறைச்சி, மீன், பட்டாணி என்று பெட்டி பெட்டியாக வரும். அடுக்க வேண்டும், தேதி பார்க்க வேண்டும், முதலில் வந்ததை முதலில் வெளியே அனுப்ப வேண்டும். ஊரே வேர்த்து வழிகிற நாளிலும் அவர் காது மூடிய தொப்பியும் தடித்த கோட்டும் மாட்டிக்கொண்டு உள்ளே போவார்.

அந்தக் குளிரில் ஆயுசில் பாதியைக் கழித்ததில் விரல் நுனிகள் மரத்துப்போயின. குத்தினால் தெரியும், சுட்டால் தெரியாது. அடுப்பில் இருக்கிற பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கி வைத்துவிட்டு ஒன்றுமே நடக்காத மாதிரி போவார். டாக்டர் இதை ஒரு குறை என்றுதான் சொன்னார். மனைவிக்கோ இதில் ஒரே பெருமை. "பிடிதுணி எதுக்கு, அதான் இவரு இருக்காரே" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

மனைவி அவருக்கு நேர் எதிர். திரைச்சீலை தைத்துக் கொடுக்கிற கடையில் தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பாள். கால் மிஷினை ஓட்டும், வாய் ஊரை ஓட்டும். வீட்டுக்கு வந்தாலும் ஓயாது. அவர் ஒரு நாள் முழுக்கப் பேசுவதை அவள் வெங்காயம் உரிக்கிற நேரத்தில் பேசி முடித்துவிடுவாள். அவருக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. பேச வேண்டியதையெல்லாம் வீட்டில் ஒருத்தி பேசிவிடுகிறாள் என்றால் இன்னொருவர் எதற்கு மெனக்கெட வேண்டும்?

இரண்டு பேருக்கும் சேர்ந்து விடுமுறை வருகிற நாளில் வீட்டில் மாட்டுக்கறி வேகும். காலையில் அடுப்பில் ஏறினால், பசியில் உயிர் போகிற நேரத்துக்குத்தான் இறங்கும். அவசரப்பட்டால் அவளுக்குக் கோபம் வரும். கல்யாணமான புதிதில் அவசரப்பட்டு வைத்த முதல் கறியை மென்று மென்று அவருக்குத் தாடை கழன்றுபோகாத குறை. "எப்படி இருக்கு?" என்று கேட்டாள். "இருக்கு" என்றார். அந்தப் பதிலை அவள் கடைசி வரை சொல்லிக் காட்டிக்கொண்டே இருந்தாள்.

அப்புறம் ஒரு தடவை எப்படியோ அமைந்துவிட்டது. கரண்டி பட்டதுமே கறி நார்நாராகப் பிரிந்தது. கிரேவி கெட்டியாக, ரொட்டியைத் தொட்டால் ஒட்டிக்கொண்டு வருகிற பதத்தில் இருந்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து, மூடி இறுக்கமான ஒரு சின்ன டப்பாவில் ஊற்றி, ஃப்ரீசரில் வைத்துவிட்டாள்.

"எதுக்கு?" என்றார்.

"அடுத்த தடவை இதை ஊத்தித்தான் ஆரம்பிக்கப் போறேன். எப்படி வரணும்னு இது போய் அதுக்குச் சொல்லிக்குடுக்கும்."

குளிர்கிடங்கில் வேலை பார்க்கிற மனிதர் காதில் விழக்கூடிய பேச்சா இது? "உள்ள வைக்கிற எல்லாத்துக்கும் ஒரு தேதி போடணும். இதுக்கு என்ன தேதி போடுறது?" என்று கேட்டார்.

"நம்ம கல்யாணத் தேதியைப் போடுங்க" என்றாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் அதே கதைதான். டப்பாவில் இருப்பது புதுக் கறியில் போகும். கறி வெந்து இறங்கியதும், யார் தட்டிலும் விழுவதற்கு முன்னால், ஒரு கரண்டி டப்பாவுக்குத் திரும்பி வரும். ஒரு தடவைகூட விட்டுப்போனது கிடையாது. வாடகை வீடு மாறினார்கள், ஃப்ரிட்ஜ் மாறியது, மகள் பிறந்து வளர்ந்து வேலைக்கும் போய்விட்டாள். டப்பா மட்டும் அப்படியே இருந்தது. முதன்முதலில் அமைந்துவந்த அந்தக் கறியில் ஒரு சொட்டாவது இன்னும் இதில் இருக்கும் என்பது அவள் நம்பிக்கை. அதனால் டப்பாவுக்கே பெரியவர் என்று பெயர் வைத்துவிட்டாள். "ஏங்க, பெரியவரை வெளிய எடுத்து வைங்க, கொஞ்சம் இளகட்டும்" என்பாள்.

இதில் வேலைப் பிரிவினை உண்டு. எடுத்து வைப்பது அவள் வேலை, ஞாபகப்படுத்துவது அவர் வேலை. தட்டு வைக்கிற நேரத்தில் சமையலறை வாசலில் போய் நின்று, "கரண்டி எடுத்து வச்சாச்சா?" என்று கேட்பார். "வச்சாச்சு, வச்சாச்சு. போய் உக்காருங்க" என்று உள்ளேயிருந்து பதில் வரும். அவர் தானாக வாயைத் திறந்து பேசுகிற ரொம்பக் கொஞ்சமான பேச்சில் அது ஒன்று.

மகளுக்கு மட்டும் விஷயம் தெரியாது. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழசு என்றால் ஆகாது. தட்டை மூக்கருகில் கொண்டுபோய், "நேத்து வச்சதா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாயில் வைப்பாள். கல்யாணக் காலத்துக் கிரேவி உள்ளே இருக்கிறது என்று தெரிந்தால் வீட்டை விட்டே ஓடிவிடுவாள் என்று புருஷனும் பெண்டாட்டியும் கூட்டுச் சேர்ந்து மறைத்தார்கள். அப்பா ஏதோ பரிமாறுகிற கரண்டியைப் பற்றி நச்சரிக்கிறார் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் மனைவி கடையிலிருந்து வந்தாள். செருப்பைக் கழற்றினாள். "நெஞ்சுல என்னமோ அடைக்குதுங்க" என்று சொல்லிக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அவர் தண்ணீர் கொண்டுவந்தபோது சாய்ந்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வாசலிலேயே சொல்லிவிட்டார்கள்.

அவர் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். ஒவ்வொருவரிடமும் போய், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். எல்லாம் முடிந்த கையோடு தொப்பியையும் கோட்டையும் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். "கல்லு மாதிரி இருக்காருப்பா மனுஷன்" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பேசுகிறவர்களுக்கு என்ன, பேசுவார்கள். அழக் கூடாது என்று அவர் ஒன்றும் விரதம் இருக்கவில்லை. வரவில்லை, அவ்வளவுதான். கட்டிலில் தன் பக்கமாகவே படுத்து, இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று பார்த்தார். தூக்கம்தான் வந்தது. அது அவருக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ரொட்டியை நின்றுகொண்டே தின்றார். என்ன ருசி என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

அலமாரியைக் காலி செய்த நாளில்தான் மகளோடு முட்டிக்கொண்டது. அம்மாவின் துணிகளை எடுத்து யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று மகள் வந்திருந்தாள். வந்து பார்த்தால், அப்பா ஏற்கெனவே எல்லாவற்றையும் ஓரம் பிசகாமல் மடித்து, பெரியது கீழே சின்னது மேலே என்று அடுக்கி, கயிறு போட்டுக் கட்டிவைத்திருக்கிறார்.

"பெட்டி அடுக்குற மாதிரி அடுக்கி வச்சிருக்கீங்களே அப்பா" என்றாள் மகள். குரல் உடைந்துவிட்டது. "ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வரலையா உங்களுக்கு? கைதான் மரத்துப்போச்சுன்னு பாத்தா, மனசும் மரத்துப்போச்சா?"

அதற்கு ஒரு தகப்பன் ஏதாவது சொல்லியிருக்கலாம். நம் ஆள் சொன்னது என்ன தெரியுமா? "இந்தக் கட்டை எங்க வைக்கட்டும்?"

மகள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அடியோடு வராமல் இருந்துவிடவில்லை. நகரத்தின் இன்னொரு பக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் அவளுக்கு வேலை, அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருந்தாள். அப்பாவின் பிரஷர் மாத்திரையைக் கொண்டுவந்து மேஜையில் வைப்பாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள். உட்கார மாட்டாள். "ஏதாவது சாப்பிடும்மா" என்றால், "இந்த வீட்ல எனக்கு எதுவும் இறங்க மாட்டேங்குதுப்பா" என்பாள். வேறு இடத்திலும் இறங்கவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கன்னம் ஒட்டிப்போய், கைக்கடிகாரம் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது.

ஃப்ரீசரில் டப்பா இருந்தது. மனைவி கடைசியாக எடுத்து வைத்த கரண்டி. அவர் அதைத் தொடவில்லை. அதைப் போட்டுக் கறி வைக்க அவருக்குத் தைரியம் இல்லை, சொதப்பினால் தீர்ந்தது. சும்மா வைத்திருக்கவும் மனசு ஒப்பவில்லை, தேதி தாண்டியதை வைத்திருப்பவர்களைப் பார்த்தாலே அவருக்கு ஆகாது. ஆகையால் ஒன்றும் செய்யாமல் இருந்தார். தினமும் வேலைக்குப் போவதற்கு முன்னால் ஃப்ரீசரைத் திறந்து பார்ப்பார். இருக்கும். மூடுவார்.

அப்போதுதான் ஃப்ரிட்ஜ் மக்கர் பண்ண ஆரம்பித்தது. பழுது பார்க்க வந்தவர் பின்னால் போய்க் காதை வைத்துக் கேட்டுவிட்டு, உதட்டைப் பிதுக்கினார். "கம்ப்ரசர் போச்சு சார். ஏதோ இழுத்துக்கிட்டுக் கிடக்கு. புதுசு வாங்கிடுங்க." ஐஸ்காரர் கடையில் புதுசுக்குச் சொல்லிவிட்டார். அடுத்த வாரம்தான் கொண்டுவருவோம் என்றார்கள். அது வரைக்கும் என்ன செய்வது?

ஊரிலேயே பெரிய ஃப்ரீசருக்குச் சாவி வைத்திருக்கிற மனிதர் அதற்கா யோசிக்க வேண்டும்? டப்பாவைத் துணியில் சுற்றிக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு கிடங்குக்குப் போனார். யாரும் கை வைக்காத மூலையில், மீன் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். பொருளில் லேபிள் ஒட்டாமல் அவர் உள்ளே வைத்தது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. உள்ளே வருகிறவனெல்லாம் அந்த மூலையையே பார்ப்பதாக அவருக்குத் தோன்றியது.

திருட்டுத்தனம் பழகாதவர்களுக்கு அது கைகூடாது. ஒரு காலையில் திடீரென்று சோதனைக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று சூப்பர்வைசர் அவசர அவசரமாகக் கிடங்கை ஒரு சுற்றுச் சுற்றினான். சின்ன வயசுப் பையன், ஐஸ்காரரிடம்தான் வேலை கற்றுக்கொண்டவன். டப்பா கண்ணில் பட்டது. எடுத்துக்கொண்டுபோய்த் தன் மேஜையில் வைத்துவிட்டு வந்தவர்களைக் கவனிக்கப் போய்விட்டான். ஐஸ்காரர் லாரிக்குச் சரக்கு ஏற்றிவிட்டு வந்து பார்க்கும்போது டப்பாவைச் சுற்றி மேஜையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, இது உங்களுதா?" என்றான் சூப்பர்வைசர். "லேபிள் இல்லாததை உள்ள விடாதேன்னு எனக்குச் சொன்னதே நீங்கதானேண்ணே."

"ஆமா."

"என்னண்ணே இது?"

"கிரேவி."

"யாரு வச்சது?"

"வீட்ல" என்றார்.

சூப்பர்வைசருக்குப் புரிந்துவிட்டது. சாவுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "சாப்பிட்டியா தம்பி?" என்று கேட்கப்பட்டவர்களில் அவனும் ஒருவன். மேஜையைத் துடைக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டான். "மறுபடி உள்ள வச்சிடுங்கண்ணே. நான் எதையும் பாக்கல."

ஐஸ்காரர் டப்பாவை எடுத்துக் குலுக்கிப் பார்த்தார். உள்ளே தளும்பியது. "உருகினதை மறுபடி உறைய வைக்கக் கூடாது தம்பி" என்றார். அந்த ஒரு விதியை அவர் யாருக்காகவும் தளர்த்தியது கிடையாது. அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினார். இனி அது இன்றைக்குப் பாத்திரத்தில் போக வேண்டும், இல்லாவிட்டால் குப்பையில் போக வேண்டும். பாத்திரத்தில் போனால், வெந்த கறியிலிருந்து ஒரு கரண்டி எடுத்து வைக்கலாம், இன்னும் இழுத்துக்கொண்டு கிடக்கிற ஃப்ரிட்ஜ் நாலு நாள் தாக்குப்பிடிக்காதா என்ன? தொடர்ச்சி அறாது. நடந்துகொண்டே இதையெல்லாம் கணக்குப் போட்டார். மனசில் பயமும் இல்லை, ஒன்றும் இல்லை. பெட்டி ஏற்றுவதற்கு முன்னால் போடுகிற கணக்கு மாதிரிதான் இருந்தது.

கறிக்கடையில் எந்தத் துண்டு கேட்பது என்று தெரியாமல் நின்றார். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "அக்காவுக்குக் குடுக்குறதையே குடுக்கவா?" என்று மட்டும் கேட்டார். இவர் தலையாட்டினார். கடைக்காரர் முன்னங்காலிலிருந்து ஜவ்வோடு இருக்கிற கறியை வெட்டி, எடை போட்டு, காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்தார். நல்ல மனிதர், வேறு ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டுக்கு வந்து மகளுக்குப் போன் செய்தார். "சாயங்காலம் வர்றியாம்மா?"

"எதுக்குப்பா?"

"கறி வைக்கிறேன்."

"யாரு வைக்கிறது?"

"நான்தான்."

"உங்களுக்கு எங்கப்பா வைக்கத் தெரியும்?"

"பாத்திருக்கேன்ல."

"வர்றேன்" என்றாள். "ஆனா சாப்பிடுவேன்னு எதிர்பாக்காதீங்க."

பார்த்திருக்கிறேன் என்று சொன்னது பொய்யில்லை. வாசலில் நின்றே அத்தனை வருஷமும் பார்த்திருக்கிறார். கறியைத் துணியால் ஒற்றி ஈரமில்லாமல் எடுத்தார். அடி கனத்த பாத்திரத்தில் எண்ணெய் காய்ந்ததும் துண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டார். எல்லாவற்றையும் ஒரே அடியாகக் கொட்டினால் தண்ணீர் விட்டுக்கொண்டு வெளுத்துப்போகும் என்று மனைவி திட்டுவாள். ஒவ்வொரு பக்கமும் நன்றாகச் சிவந்த பிறகு எடுத்து ஓரமாக வைத்தார். அதே பாத்திரத்தில் வெங்காயத்தைப் போட்டு, அடியில் ஒட்டிக்கொண்டிருந்ததையெல்லாம் மரக்கரண்டியால் சுரண்டிச் சுரண்டி வதக்கினார். பூண்டு, மிளகு, இரண்டு தக்காளி, ஒரு கரண்டி மாவு. மாவின் பச்சை வாசனை போனதும் வெந்நீர் ஊற்றிக் கலக்கினார்.

பிறகு டப்பாவைத் திறந்து கவிழ்த்தார். ஓரத்தில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்துவிட்டார். ஒரு நிமிஷம்தான். பாத்திரத்திலிருந்து எழுந்த வாசனை மாறியது. அவள் இருந்த வீட்டு வாசனை. அவர் அங்கேயே நின்று, இப்போதாவது ஏதாவது ஆகிறதா என்று பார்த்தார். ஆகவில்லை. கறியைப் போட்டு, மூடியைச் சாய்த்து வைத்து, தீயைக் குறைத்தார்.

கொதிக்கக் கூடாது, முணுமுணுக்க வேண்டும். இது அவள் சொன்னது. ரொம்ப நேரம் கழித்து ஒரு துண்டை எடுத்துக் கடித்துப் பார்த்தார். செருப்பைக் கடித்த மாதிரி இருந்தது. எல்லாம் பாழாப்போச்சு என்று பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். முதல் கறிக்கு அப்புறம் அவள் கண்டுபிடித்து, ஒவ்வொரு தடவையும் ஒப்பித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. "கறி முதல்ல இறுகும்ங்க. அப்புறம்தான் விடும். இறுகினதைப் பாத்து அடுப்பை அணைச்சா எப்படி?" மூடியைத் திரும்பப் போட்டுவிட்டு நாற்காலியை இழுத்து அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். வேறு ஒரு வேலையும் செய்யவில்லை. வெளியே வெயில் சாய்ந்து சன்னல் கம்பியின் நிழல் சுவரில் ஏறியது. அடுத்த தடவை கரண்டியை வைத்ததும் கறி தானாகப் பிரிந்தது.

மகள் வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மூக்கு நல்ல மூக்கு, அது தன் வேலையைச் செய்தது. பிறகு உள்ளே வந்து, பையை இறக்கி வைத்து, மேஜையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள்! அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தட்டு எங்கே, ரொட்டி எங்கே என்று தடுமாறினார். மனைவி என்றால் சமையலறையிலேயே தட்டில் போட்டு எடுத்து வருவாள். இவர் சரக்கு தூக்கிப் பழகியவர். பாத்திரத்தை அப்படியே வெறுங்கையால் தூக்கிக்கொண்டு வந்து மேஜை நடுவில் வைத்தார்.

"கை!" என்று மகள் கத்தினாள். அப்புறம், "ஓ, நீங்கதானே" என்றாள்.

ஒரு துண்டு மட்டும் எடுத்துப் போட்டுக்கொண்டாள். ரொட்டியைப் பிய்த்துக் கிரேவியில் தொட்டு வாயில் வைத்தாள். அவர் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கியது.

"உப்பு கம்மிப்பா."

"அப்படியா?"

"அம்மா உப்பைக் கடைசியிலதான் போடுவாங்க. நீங்க மறந்துட்டீங்க." எழுந்து போய் உப்பை எடுத்து வந்து பாத்திரத்தில் தூவிக் கலக்கினாள். இன்னும் இரண்டு துண்டு போட்டுக்கொண்டாள். அப்புறம் இன்னும் கொஞ்சம். அப்புறம் தட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். அம்மா ஒரு தடவை கடைக்கு வந்த ஆளின் வேட்டியையே திரைச்சீலையோடு சேர்த்துத் தைத்துவிட்ட கதையைச் சொன்னாள். அது அவருக்குத் தெரிந்த கதைதான். மகள் சிரித்தாள். அவரும் சிரித்தார். சிரிப்பு வாயில்தான் இருந்தது, உள்ளே எட்டவில்லை. ஆனாலும் மகள் சாப்பிடுகிறாள், அதுவே பெரிசு என்று நினைத்தார். தானும் இரண்டு வாய் சாப்பிட்டார்.

பாத்திரம் காலியாகிக்கொண்டு வந்தது. கறி தீர்ந்துவிட்டது. மகள் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துச் சாய்த்தாள். அடியில் இருந்த கிரேவி எல்லாம் ஒரு மூலைக்கு ஓடி வந்து தேங்கியது. ரொட்டித் துண்டால் அதைத் தொட்டாள்.

அப்போதுதான் அவர் வாயில் அது வந்தது. அவர் யோசித்து வரவழைக்கவில்லை, பழக்கத்தில் தானாக வந்தது. சமையலறைப் பக்கம் தலையைத் திருப்பி, "கரண்டி எடுத்து வச்..." என்றார்.

உள்ளே விளக்குகூடப் போட்டிருக்கவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் அவர் விட்டுவிட்டு வந்த நாற்காலி இருந்தது. பலகையில் டப்பா மூடி திறந்தபடி இருந்தது. வச்சாச்சு, போய் உக்காருங்க என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. சமைக்கிறவள் வேலையை இவர் செய்தார், ஞாபகப்படுத்துகிறவர் வேலையை யாரும் செய்யவில்லை. அத்தனை வருஷத்தில் ஒரு தடவையும் விட்டுப்போகாதது அவர் கையில் விட்டுப்போயிருந்தது.

"என்னப்பா?" என்றாள் மகள். "உங்களுக்கு வேணுமா?" பாத்திரத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் எட்டிப் பார்த்தார். சாய்ந்த மூலையில் இன்னும் ஒரு கரண்டி இருந்தது. சரியாக ஒரு கரண்டிதான் இருக்கும். இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும். டப்பா பக்கத்திலேயே இருக்கிறது. மகளைப் பார்த்தார். உதட்டு ஓரத்தில் கிரேவி ஒட்டியிருந்தது. கையில் ரொட்டியைப் பிடித்தபடி, அவர் என்ன சொல்லப் போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பசியோடு பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் பசியைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று.

"எனக்கு வேணாம்" என்றார். "நல்லா வழிச்சுச் சாப்பிடு."

அவள் வழித்தாள். ரொட்டியைச் சுற்றிச் சுற்றித் தேய்த்து, பாத்திரத்தின் அடி பளிச்சென்று தெரிகிற வரைக்கும் வழித்தாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நெஞ்சுக்குள் என்னமோ பிடி விட்டது. முதலில் தாடை நடுங்கியது. என்ன இது என்று கையால் பிடித்துப் பார்த்தார். நிற்கவில்லை.

"உங்க அம்மா போயிட்டாம்மா" என்றார். யாரோ அப்போதுதான் வந்து சொல்லிவிட்டுப் போன சேதி மாதிரி சொன்னார். "போயிட்டாம்மா அவ."

"ஆமாப்பா" என்றாள் மகள்.

அவர் மேஜையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி அழுதார். வெட்கப்படவில்லை. மகள் அழாதீங்க என்று சொல்லவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. கையில் இருந்த கடைசி ரொட்டித் துண்டை இரண்டாகப் பிய்த்து, கிரேவி அதிகமாக இருந்த பாதியை அவர் தட்டில் வைத்தாள். அழுகை கொஞ்சம் அடங்கியதும் அவர் அதை எடுத்து வாயில் போட்டு மென்றார். உப்பு சரியாக இருந்தது.